பழைய ரேங்ளர் டிஜேயில் போல்க் டிபி பிளஸ் ஸ்பீக்கர்: எங்கே பாடும், எங்கே படுத்தும்

1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ரேங்ளர் டிஜே (TJ) மாடலின் கதவில் ஸ்பீக்கர் இருக்காது. கதவையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதற்கென்று செய்த வண்டி அது. அதனால் டாஷ்போர்டின் இரு ஓரங்களிலும் 4×6 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர் ஒவ்வொன்றும், பின்னால் ரோல் பாரில் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம்) மாட்டிய சவுண்ட் பாரில் ஒரு ஜோடி வட்ட ஸ்பீக்கரும் பெரும்பாலும் கம்பெனியிலிருந்தே வந்தன. சவுண்ட் பாரில் 2002 வரை 5.25 அங்குலம், 2003 முதல் 6.5 அங்குலம். போல்க் ஆடியோவின் டிபி பிளஸ் வரிசையில் இந்த எல்லா அளவும் உண்டு: டாஷுக்கு டிபி462, பழைய பாருக்கு டிபி522, பிந்தைய பாருக்கு டிபி652.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சவுண்ட் பாருக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். டாஷுக்கும் வாங்கலாம்தான், ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால், பழைய காகித ஸ்பீக்கரைவிட மெலிந்த சத்தம் வர வாய்ப்பு அதிகம். காசு போச்சே என்று தோன்றும். குறை ஸ்பீக்கரில் இல்லை, அது உட்காரும் ஓட்டையில் இருக்கிறது. இந்த விமர்சனத்தில் பாதி அந்த ஓட்டையைப் பற்றித்தான்.

வாங்குவதற்கு முன், பழசு உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவின் பேலன்ஸையும் (இடம், வலம்) ஃபேடரையும் (முன், பின்) ஒரு மூலைக்குத் தள்ளி நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பள்ளத்தில் விழும்போது மட்டும் சத்தம் வந்து வந்து போனால் பெரும்பாலும் கனெக்டர் பச்சை பிடித்திருக்கும். கோனின், அதாவது காற்றைத் தள்ளும் கூம்பின், விளிம்பை நான்கு விரலால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே சொரசொரவென்று உரசினால், கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் நகர்ந்துவிட்டது. அந்த ஸ்பீக்கர் முடிந்த கதை. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால், நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எண் எதுவுமே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. ஸ்பீக்கர் முனையில் சரியாகவும், ஸ்டீரியோ பக்க முனையிலிருந்து அளந்தால் பத்துப் பன்னிரண்டு என்று ஆடிக்கொண்டும் இருந்தால் பிரச்சினை ஒயரில். புது ஸ்பீக்கர் அதைத் தீர்க்காது.

இந்த மூன்றுமே டூ-வே கோஆக்சியல். அதாவது உச்ச ஒலிக்கான ட்வீட்டர், பெரிய கோனின் நடுவில் தண்டு மேல் நிற்கிறது. கோன் மைக்கா கலந்த பாலிமர், விளிம்பு ரப்பர். பழைய ஸ்பீக்கரின் காகிதமும் ஃபோம் விளிம்பும் வெயிலிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாக உதிரும் வண்டிக்கு, வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்த இரண்டையும் பார்த்தே வாங்க வேண்டும். 4×6 தொடர்ந்து 50 வாட் தாங்கும், 5.25, 6.5 இரண்டும் 100 வாட். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 150, 300 எல்லாம் உச்ச அளவு. அவற்றை மறந்துவிடலாம்.

இந்த வரிசைக்கு ஐபி56 தரக்குறியீடு உண்டு. இதைத் தப்பாகப் படிப்பவர்கள் நிறையப் பேர். முதல் எண் 5: தூசி கொஞ்சம் நுழையலாம், ஆனால் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு நுழையாது. இரண்டாவது எண் 6: வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். மூழ்குவதற்கான எண் 7; அது இதில் இல்லை. மழை, சேறு, திறந்த கூரை, எல்லாம் சரி. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் டாஷ் மட்டத்துக்கு வந்தால் ஸ்பீக்கரைவிடப் பெரிய கவலைகள் இருக்கும். இன்னொன்று, அந்தக் குறியீடு ஸ்பீக்கருக்கு மட்டும்தான். அதில் போய்ச் சேரும் இருபது வருடக் கனெக்டருக்கு அல்ல.

டாஷ் ஓட்டை

ஸ்பீக்கர் கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் முன்னால் தள்ளிய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடிவிடும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு அரை அங்குல இடைவெளிகூட வாசல்தான். அதனால்தான் பேஸ் (தாழ்ந்த கன ஒலி) முதலில் காணாமல் போகிறது, பிறகு ஆண் குரலின் கனம் போகிறது, மிஞ்சுவது தகரச் சத்தம். டிஜே டாஷில் 4×6 உட்காரும் இடத்துக்குப் பின்னால் பெட்டி எதுவும் கிடையாது. ஒயர்க்கட்டும் வெற்றிடமும்தான். பழைய ஸ்பீக்கரின் சட்டம் அந்த ஓட்டைக்கென்றே வார்த்தது. புதியது பொது அளவில் வார்த்தது. ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து விழுவது சகஜம், அந்தச் சந்தில்தான் பேஸ் ஓடிப்போகிறது.

மருந்து மலிவானது. காற்றை உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் டேப், 6 மில்லிமீட்டர் தடிமன், 12 மில்லிமீட்டர் அகலம். ஸ்பீக்கர் சட்டத்தின் பின் விளிம்பில் ஒரு சுற்று ஒட்டி, தொடங்கிய முனையும் முடிந்த முனையும் முட்டிக்கொண்டு நிற்கும்படி வெட்டுங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் மேடாகி எதிர்ப்பக்கம் சந்து விழும். ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும் சாதா ஃபோம் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டையைச் சுற்றி உட்பக்கம் கை எட்டும் தூரம் வரை டாஷ் பிளாஸ்டிக்கில் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை அழுத்தி ஒட்டினால் பிளாஸ்டிக் அதிர்வு அடங்கும். அருகில் ஆடும் ஒயர்க்கட்டைத் துணி டேப்பால் சுற்றிவிட்டால் பாட்டுக்கு நடுவே வரும் டகடக நிற்கும்.

சிலர் ஸ்பீக்கரின் பின்னால் ஃபோம் கிண்ணத்தை முழுதாக மாட்டுவார்கள். 4×6-க்கு அது தேவையில்லாத வேலை. கிண்ணத்தின் காற்று மிகக் கொஞ்சம். கோன் அசைய இடமில்லாமல் இறுகி, இருக்கிற பேஸும் குறையும். ஆனால் கிண்ணத்தின் கீழ்ப்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மேல்பாதியைக் குடை மாதிரி வைத்தால் பலன் உண்டு. டிஜேயின் முன் கண்ணாடிச் சட்டம் மடியக்கூடியது. அதன் ரப்பர் வயதானதும் மழைநீர் கண்ணாடி மூலை வழியாகச் சொட்டும், டாஷ் ஸ்பீக்கர் இருப்பது அந்த மூலைக்குக் கீழே.

மாட்டும் வேலை

டிஜேயில் முதல் வருடத்திலிருந்தே டாஷில் இரண்டு ஏர்பேக் உண்டு. பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, குறைந்தது இரண்டு நிமிடம் காத்திருந்து பிறகு டாஷில் கை வையுங்கள். ஏர்பேக் மின்சுற்றில் தேங்கிய மின்சாரம் வடிவதற்கு அந்த நேரம் வேண்டும்.

ஸ்பீக்கரை மூடும் கிரில்லைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்த பிறகும் அது கிளிப்பில் தொங்கும். உலோக ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரம் ஓரமாகக் கிளப்புங்கள். குளிரில் இருபது வருடப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும், வண்டி வெயிலில் நின்று சூடான பிறகு தொடங்கினால் கிளிப் பிழைக்கும். பழைய ஸ்பீக்கரின் ஸ்க்ரூக்களை எடுத்து வெளியே இழுத்ததும் ஒயரை வெட்டத் தோன்றும். வேண்டாம். வண்டிக்கேற்ற அடாப்டர் கனெக்டர் கிடைக்கும். அதன் ஒரு முனை பழைய பிளக்கில் ஏறும், மறுமுனையில் புது ஸ்பீக்கரின் தகட்டு முனைகள். வண்டியை விற்கும்போது பழையபடி ஆக்கவும் வசதி.

பிளஸ், மைனஸை ஒயர் நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். இந்த வயது வண்டியில் எத்தனை கை மாறி எத்தனை பேர் ஒயரைத் தொட்டிருப்பார்களோ. ஸ்டீரியோ பக்கத்தில் கனெக்டரைப் பிரித்து, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரின் இரு முனைகளிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். நான்கையும் இப்படிப் பாருங்கள். ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தாலும் பேஸ் மறைந்துவிடும். பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. புது ஸ்பீக்கர் மட்டம் என்று எழுந்த புகார்களில் கணிசமானவற்றுக்கு இதுவே காரணம்.

டிபி462-இன் ஸ்க்ரூ துளைகள் டாஷின் பழைய துளைகளோடு அச்சாகப் பொருந்தாமல் போகலாம். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் ஸ்பீக்கர் சட்டத்தின் துளையை உருண்டை அரத்தால் நீட்டலாம். அரம் போடும்போது கோனையும் காந்தத்தையும் டேப்பால் மூடுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக் காயிலுக்குள் போனால் எடுக்க வழியில்லை. டாஷ் பிளாஸ்டிக்கின் துளை தேய்ந்து லூசாகியிருந்தால் பெரிய ஸ்க்ரூவைத் திணிப்பது தப்பு. யு வடிவ கிளிப் நட்டைச் செருகுங்கள். மேடு பள்ளத்தில் ஓடும் வண்டியில் பிளாஸ்டிக்கில் நேராக முறுக்கிய ஸ்க்ரூ எதுவும் நிரந்தரமல்ல.

கையால்தான் முறுக்க வேண்டும், எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக. பவர் டிரில் போட்டு ஒரு மூலையை முழுதாக இறுக்கினால் சட்டம் கோணும், கோணினால் காயில் உரசும், அடுத்த மாதம் பழைய கரகரப்பு புது ஸ்பீக்கரிலேயே கேட்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்பீக்கர் காந்தம் ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பிடித்து இழுக்கும். ஒரு நொடி கவனம் தவறினால் நுனி கோனைக் குத்திக் கிழித்துவிடும். கோன் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி மேலே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கிரில்லை மூடும் முன் ட்வீட்டர் முட்டுகிறதா என்று சோதியுங்கள். ட்வீட்டரின் ஓரத்தில் சிறுவர் விளையாடும் களிமண்ணை ஒரு பட்டாணி அளவு வைத்து, கிரில்லை அழுத்தி எடுங்கள். களிமண் 2 மில்லிமீட்டருக்கும் கீழே நசுங்கியிருந்தால் ஓட்டத்தில் தட்டும். ஸ்பீக்கரை உள்ளே தள்ள வழியில்லை. கிரில்லை வெளியே தள்ள அதன் கீழே ஒரு வரி ஃபோம் டேப் கொடுக்க வேண்டும்.

சவுண்ட் பார்

இங்கே ஆட்டமே வேறு. பாரின் ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய மூடிய சிறு பெட்டி. முன்காற்றும் பின்காற்றும் சந்திக்கும் வழி குறைவு. அதனால் டிபி522-ஓ டிபி652-ஓ மாட்டிய உடனேயே வித்தியாசம் தெரியும். குரல் தெளியும், டிரம்மின் தட்டு நெஞ்சில் படாவிட்டாலும் காதில் கெட்டியாக விழும். வாங்கும் முன் கிரில்லைக் கழற்றி ஓட்டையை அளந்துவிடுங்கள். வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் பழைய வண்டியில் பிந்தைய வருடத்துச் சவுண்ட் பாரை மாட்டியவர்கள் ஏராளம். ஆழத்தையும் அளக்க வேண்டும்: ஓட்டை விளிம்பிலிருந்து பின் சுவர் வரை உள்ள தூரம், ஸ்பீக்கரின் பொருத்தும் ஆழத்தைவிடக் குறைந்தது 6 மில்லிமீட்டர் கூட இருந்தால் காந்தத்தின் பின்னால் காற்றுக்கு இடம் கிடைக்கும்.

உள்ளே தலையணைப் பாலியெஸ்டர் பஞ்சு ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம், உதிர்த்துவிட்டு வையுங்கள். திணிக்கக் கூடாது. பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். கூஜாவுக்குள் பேசுவது போன்ற ஒலி குறையும். பருத்திப் பஞ்சு ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், அது வேண்டாம். புது ஸ்பீக்கரின் காந்தம் பழையதைவிடக் கனம். பாரில் ஸ்க்ரூ ஏறும் பிளாஸ்டிக் குமிழ்கள் வெடித்திருக்கின்றனவா என்று பார்த்து, ஸ்க்ரூ தலைக்குக் கீழே அகலமான வாஷர் போடுங்கள். தலைக்கு மேலே தொங்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

பார் காதுக்கு அருகில் இருப்பதால் ஃபேடரை முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால்தான் இசை முன்னாலிருந்து வரும். இல்லையேல் எல்லாப் பாட்டும் பின்மண்டையில் பாடும்.

எத்தனை வாட் வேண்டும்

ஸ்டீரியோவின் முகத்தில் 50×4 என்று எழுதியிருக்கும். இஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். அதிலிருந்து 4 ஓமுக்குச் சுத்தமாகக் கிடைப்பது சேனலுக்கு 20 வாட் அளவில்தான், பல யூனிட்களில் அதற்கும் கீழே. டிபி462-க்கு அதுவே ஓட்டிப் பழகப் போதும். ஆனால் துணிக் கூரை வண்டியில் வேகம் ஏறியதும் காற்றும் டயரும் போடும் சத்தம் பேஸை விழுங்கும். ஓட்டுபவர் வால்யூமைக் கூட்டுவார். ஸ்டீரியோ தன் எல்லையை முட்டி அலையின் தலையை வெட்டும். அந்த வெட்டுப்பட்ட அலைதான் ட்வீட்டரைச் சுடுகிறது. 3 டெசிபல் கூட வேண்டுமென்றாலே வாட்டை இரட்டிக்க வேண்டும், எனவே 20 வாட்டிலிருந்து ஒரு சிறு நாலு சேனல் ஆம்ப்பின் (தனி ஒலிபெருக்கிக் கருவி) 45 அல்லது 50 வாட்டுக்குப் போனால்தான் திறந்த கூரையில் வித்தியாசம் தெரியும். ஆம்ப் வைத்தால் அதற்கான மின் ஒயர் 8 கேஜ், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ். இதில் சமரசம் வேண்டாம்.

ஆம்ப் இருக்கிறதோ இல்லையோ, தாழ்ந்த அதிர்வெண்ணை வடிகட்டியே ஆக வேண்டும். 4×6-க்கு 120 ஹெர்ட்ஸ், 5.25-க்கு 100, 6.5-க்கு 80 என்று ஸ்டீரியோவின் ஹை பாஸ் ஃபில்டரை வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே எண்தான் வைக்க முடியுமென்றால் 120. பழைய கம்பெனி ஸ்டீரியோவில் இந்த வசதி இல்லாவிட்டால், டாஷ் ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரில் வரிசையாக ஒரு 330 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும்; 4 ஓமில் அது சுமார் 120 ஹெர்ட்ஸிலிருந்து வெட்டத் தொடங்கும். துருவமற்ற வகையாக இருக்க வேண்டும். பிளஸ் மைனஸ் குறித்த சாதா வகையைப் போட்டால் உப்பி வெடிக்கும். அதிர்வில் அதன் கால்கள் ஒடியாதபடி கேபிள் டையும் சிலிக்கானும் போட்டு நிறுத்துங்கள். பேஸை வெட்டி எறிந்தால் பாட்டு ஒல்லியாகிவிடாதா என்றால், 4×6 எப்படியும் தர முடியாத பேஸ் அது. அதை முயல விட்டால் கோன் வீணாகத் துள்ளி, தரக்கூடிய குரலையும் கலக்கும்.

இந்த ஸ்பீக்கர்கள் 4 ஓம் என்பது பழைய ஸ்டீரியோவுக்கு நிம்மதி. அதிகச் சத்தத்துக்காக 2 ஓம் ஸ்பீக்கரைத் தேடிப் போனால், அதைத் தாங்கும் என்று எழுதாத ஸ்டீரியோ சூடேறித் தானே அணையும்.

ஒயர் இணைப்பில் ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா (உலோகக் குழலில் நசுக்கி இணைப்பது) என்ற சண்டை ஓயாது. சாலை வண்டியில் இரண்டும் சரி. காட்டு வழி வண்டியில் ஈயம் நின்ற இடத்தில் ஒயர் விறைத்து, அதன் ஓரத்திலேயே அதிர்ந்து அதிர்ந்து ஒடியும். நல்ல கருவியால் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுவது மேல். கனெக்டரில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு தொடுதல். ஒயர் 16 கேஜ் போதும்.

டாஷில் 4×6-ஐ விட்டுவிட்டு 6.5 ஏற்றும் டாஷ் பாட் (டாஷில் மாட்டும் தனி ஸ்பீக்கர் கூடு) வாங்கலாமே என்பவர்களுக்கு: கோன் பரப்பு கணிசமாகக் கூடும், பாட் தானே ஒரு பெட்டியாகவும் இருக்கும், ஒலி நிச்சயம் மேல். முழங்கால் இடம் கொஞ்சம் போகும். பேஸ்தான் முக்கியம் என்றால் ஸ்பீக்கரை மாற்றுவதைவிட முதலில் பேஸுக்கென்றே உள்ள ஒரு சிறு சப்வூஃபருக்கு இடம் பாருங்கள். மேல் ரக ஆடியோவோடு வந்த பிந்தைய டிஜேக்களில் நடு கன்சோலிலேயே ஒன்று இருக்கும். ட்வீட்டரும் சிறு கோனும் ஒரே தட்டில் பதித்த 4×6 வகையும் கடையில் உண்டு. ஆழம் குறைவு என்பதைத் தவிர அதில் சொல்ல எதுவுமில்லை.

வேலை முடிந்ததும் எல்லா மூலையும் தனித்தனியாகக் கேட்டு, மோனோவில் ஒரு குரல் பாட்டைப் போட்டு அது டாஷ் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். முதல் கரடுமுரடான ஓட்டத்துக்குப் பிறகு கிரில்லை மறுபடி திறக்க வேண்டும். ஃபோம் டேப் அழுந்தி ஸ்க்ரூக்கள் கால் சுற்று இளகியிருக்கும். அந்தக் கால் சுற்றைக் கையால் திருப்பிவிட்டு மூடுங்கள்.